தோல்பையும் மோட்டாரும்

இரண்டு பேர் தரையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு தோல்பை. பைக்குள் செதுக்கி உரசி முடித்த கல்மணிகள், குருந்தப் பொடி, கொஞ்சம் தண்ணீர். ஒருவர் பையை அந்தப் பக்கம் உருட்டுவார். மற்றவர் இந்தப் பக்கம் திருப்பி உருட்டுவார். பொழுதெல்லாம் இதுவே வேலை. பத்து நாள், சில சமயம் பதினைந்து நாள் இப்படி உருண்ட பிறகு பையை அவிழ்த்துக் கொட்டினால் மணிகள் நீரில் நனைந்தவைபோல் மின்னும். குஜராத்தில், கடல் நிலத்துக்குள் நுழையும் வளைகுடாவின் தலைமாட்டில் இருக்கும் கம்பாத் நகரில் அகீக் மணிகளுக்கு மெருகு ஏறியது இப்படித்தான். நம் பழைய பள்ளிக்கூடப் புவியியல் புத்தகங்களில் அந்த ஊருக்குக் காம்பே என்று பெயர்.

இன்று அங்கே மோட்டாரோடு பூட்டிய பீப்பாய் சுழல்கிறது. மணிகளையும் பொடியையும் நீரையும் உள்ளே போட்டு மூடிவிட்டால் போதும்; ஆள் தூங்கும்போதும் அது சுழலும். ஒரு பீப்பாயில் கொள்கிற மணிகளை உருட்ட அன்று எத்தனை பைகளும் எத்தனை ஜோடிக் கைகளும் வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். கைகளும் முதுகுகளும் தப்பின. இந்த மாற்றத்தை இழப்பு என்று என்னால் எழுத முடியாது.

அகீக் என்பது அரபிச் சொல். தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பங்களில் அகீக் மோதிரம் பழகிய பொருள். ஆங்கிலத்தின் வழியே அறிந்தவர்கள் அகேட் என்பார்கள். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகிப் பரவி ஆறியபோது, உள்ளே சிக்கிய வாயுக் குமிழ்கள் வெற்றிடங்களாக நின்றுவிட்டன. சிலிக்கா கரைந்த நீர் அந்த இடங்களில் ஊறி, சுவரோடு சுவராகப் படலம் படலமாகப் படிந்தது. அதனால்தான் வெங்காயத்தைக் குறுக்கே அரிந்ததுபோல் இந்தக் கல்லுக்குள் வளையம் வளையமாக வரிகள் ஓடுகின்றன. வரிகள் நேராக, கறுப்பும் வெள்ளையுமாக அடுக்கியிருந்தால் ஓனிக்ஸ். சிவப்பும் வெள்ளையுமாக இருந்தால் சார்டோனிக்ஸ். வரியில்லாமல் சிவந்திருந்தால் கார்னீலியன். நம் தொல்லியல் அறிஞர்கள் அதைச் சூதுபவளம் என்று எழுதுகிறார்கள். குடும்பம் ஒன்றுதான். மோஸ் அளவுகோலில் இவற்றின் கடினம் 6.5 முதல் 7 வரை. சாதாரண எஃகுக் கத்தி இதன்மேல் கீறல் போடாது. இந்தக் கல்லோடு மனிதர்கள் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு குணத்திலிருந்து வந்தது.

கம்பாத்துக்குக் கல் வந்தது நர்மதைக் கரைப் பக்கமிருந்து. பரூச் மாவட்டத்து ரத்தன்பூரைச் சுற்றிய பழைய ஆற்றுச் சரளைப் படிவுகளில் குழி தோண்டி, உள்ளே பக்கவாட்டில் குடைந்துபோய்க் கல்லைப் பொறுக்குவார்கள். அங்கே பாபா கோர் என்ற ஹப்ஷிப் பெரியவரின் தர்கா இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இந்த மணித் தொழிலை வளர்த்தவர் என்று அவரைத் தொழிலாளர்கள் போற்றுகிறார்கள். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியரான துவார்த்தே பார்போசா எழுதிய குறிப்பிலேயே ஒருவகைக் கல்லுக்கு 'பாபாகோர்' என்ற பெயர் வந்துவிடுகிறது. ஒரு கல்லுக்கு ஒரு பெரியவரின் பெயர் ஐந்து நூற்றாண்டுகளாக ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

குழியிலிருந்து வரும்போது கல் சிவப்பாக இருக்காது. மங்கிய மஞ்சளாகவோ பழுப்பாகவோதான் இருக்கும். 1880-இல் வெளிவந்த பம்பாய் மாகாணக் கெசட்டியரின் ஆறாம் தொகுதி, கல் சிவந்த முறையை விவரமாகச் சொல்கிறது. முதலில் கோடை வெயிலில் இரண்டு மாதம் பரப்பிக் காயவைப்பார்கள். பிறகு மண்சட்டிகளில் போட்டு, பள்ளத்தில் வைத்து, சாண நெருப்பு மூட்டுவார்கள். சூரியன் மறையும்போது வைத்த தீ மறுநாள் விடியும்வரை எரியும். கல்லுக்குள் இருக்கும் இரும்புச் சேர்மம் நீரை இழந்து சிவப்பாக மாறும் வேதியியல் அதற்குள் நடந்து முடிந்திருக்கும். அவசரப்பட்டு ஈரக் கல்லைச் சூடாக்கினால் வெடித்துவிடும். ஆகவே வெயிலில் கிடந்த அந்த இரண்டு மாதம் கல்லைக் காக்கும் காலமாக இருந்தது. இன்று மின் உலை வைத்திருப்பவர்கள் வெப்பத்தை எண் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறார்கள். மாதங்கள் நாள்களாகச் சுருங்கியிருக்கின்றன. சட்டியும் நெருப்பும் முழுக்க ஒழிந்துவிடவும் இல்லை.

மாறாமல் நின்றது கல்லைச் செதுக்கும் முறை. கூர்மையான இரும்புக் கம்பி ஒன்றைத் தரையில் சாய்வாக நட்டிருப்பார்கள். கல்லின் விளிம்பை அந்த முனையில் வைத்து, எருமைக் கொம்பில் செய்த சின்னச் சுத்தியலால் எதிர்ப்பக்கத்திலிருந்து தட்டுவார்கள். தட்டுவது ஓரிடம், சில்லு பெயர்வது இன்னோரிடம். எங்கே பெயரும் என்பது கைக்குத் தெரியும். அமெரிக்க ஆய்வாளர் ஜோனதன் மார்க் கெனோயர், இத்தாலியரான மாசிமோ விடாலே, பரோடாவின் குல்தீப் பான் ஆகியோர் 1980-களின் இறுதியில் கம்பாத் பட்டறைகளில் உட்கார்ந்து இந்தத் தட்டலைக் கவனித்தார்கள். சிந்துவெளி மக்கள் மணி செய்தது எப்படி என்று அறிய அவர்களுக்கு உயிருள்ள பாடநூலாக இருந்தது இந்த ஊர்த் தொழிலாளிகளின் கைதான்.

சிந்துவெளிக்காரர்கள் கடினமாக உழைத்தார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் கணக்குப் பார்த்தால்தான் அது உறைக்கிறது. கம்பாத்துக்கு அதிகத் தூரமில்லாத லோத்தலில் 1950-களின் இரண்டாம் பாதியில் எஸ். ஆர். ராவ் தலைமையில் நடந்த அகழாய்வில் ஒரு மணிப் பட்டறையும் சூளையும் வெளிப்பட்டன. அவை 4,000 ஆண்டுகளுக்கும் பழையவை. 1935–36-இல் சன்ஹு-தாரோவைத் தோண்டிய எர்னஸ்ட் மக்கே, அங்கே மணி துளைத்த கல் ஊசிகளைக் கண்டெடுத்தார். அந்த அரிய கல்லுக்கு அவருடைய பெயரால் 'எர்னஸ்டைட்' என்று பின்னாளில் பெயரிட்டார்கள். தோலாவிராவில் மட்டும் இப்படிப்பட்ட துளையூசிகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. வில்லால் சுழற்றும் அந்த ஊசி, மணிக்கு 2.5 மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும் என்று கெனோயர் செய்து பார்த்துக் கணக்கிட்டார். அப்படியானால் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சூதுபவள மணிக்குத் துளைபோட மட்டும் நாற்பது மணிநேரம் வேண்டும். இரு முனையிலிருந்தும் துளைத்து வந்து நடுவில் சந்திக்க வேண்டும். கடைசி நேரத்தில் கல் விரிந்தால் எல்லாம் வீண். கராச்சிக்கு அருகே அல்லாதினோவில் இத்தகைய நீண்ட மணிகள் 36 கோத்த ஓர் ஒட்டியாணம் கிடைத்தது. அதைச் செய்து முடிக்க 480 வேலைநாள்களுக்கு மேல் ஆகியிருக்கும் என்பது அவர் மதிப்பீடு. சிந்துவெளியிலிருந்து போன நீண்ட மணிகள் இராக்கில், ஊர் நகரத்து அரச கல்லறைகளில் கிடந்தன. அல்லாதினோவில் கிடைத்ததுபோன்ற ஒட்டியாணத்தை அணிந்தவர்கள் சிந்துவெளியில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் சுட்ட மண்ணில் அதே நீளத்துக்கு மணி செய்து, சிவப்பு வண்ணம் பூசிக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் காலத்தை நினைத்து ஏங்கும்போது அந்த மண்மணியையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

பொது யுகத்துக்கு முந்தைய நூற்றாண்டுகளில் வைரமுனை துளையூசி வந்தது. இரும்புக் கம்பியின் நுனியில் இரண்டு சின்ன வைரச் சில்லுகளைப் பதித்து வில்லால் சுழற்றினார்கள். அதன் தடம் அரிக்கமேட்டு மணிகளின் துளைகளில் தெரிகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மணிக்கணக்கில் நடந்த வேலை நிமிடக்கணக்குக்கு வந்தது அப்போதுதான். இன்றைய மோட்டார், வில் பிடித்த கையை விடுவித்தது. வேகத்தில் பெரும் பாய்ச்சல் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது.

தமிழ்நாட்டோடு இந்தக் கல்லுக்கு இருக்கும் உறவும் அந்தக் காலத்தது. நொய்யல் கரையில், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் பச்சைக்கல்லுக்கும் நீலத்துக்கும் படிகத்துக்கும் பட்டறைகள் இருந்தன. அவற்றுக்கான மூலக்கல் கொங்கு நிலத்திலேயே கிடைத்தது. சூதுபவளமும் வரியோடிய அகேட்டும் அப்படியல்ல. அவை குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்று கா. ராஜன் போன்ற அறிஞர்கள் கருதுகிறார்கள். அங்கே ஒரே ஈமச்சின்னத்தில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடந்தன. கீழடியில் காட்டுப்பன்றி உருவம் குழித்துச் செதுக்கிய சூதுபவளக் கல் கிடைத்திருக்கிறது. விரல்நக அளவுக் கல்லில் பன்றியின் உருவத்தைக் கொண்டுவந்தவர் யார் என்று எங்கும் எழுதிவைக்கப்படவில்லை.

அதே காலத்தில், கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரையக் கடலின் பெரிப்ளுஸ்' என்ற வணிகர் கையேடு, உஜ்ஜயினியிலிருந்து ஓனிக்ஸ் கல் பரூச் துறைமுகத்துக்கு வந்து கப்பலேறியதைக் குறித்திருக்கிறது. பிற்காலத்தில் பரூச்சின் இடத்தைக் கம்பாத் பிடித்தது. 1583-இல் இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் அக்பருக்குக் கடிதம் அனுப்பியபோது 'காம்பேயின் அரசர்' என்றுதான் விளித்தார். அவ்வளவு பெரிய பெயர் கொண்ட துறைமுகத்தை ஆறுகள் கொண்டுவந்த வண்டல் தூர்த்தது. வணிகம் சூரத்துக்கும், பிறகு பம்பாய்க்கும் போனது. கப்பல் போயிற்று, மணி நின்றது. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் அரபு நாடுகளுக்கும் கம்பாத் மணிகள் போய்க்கொண்டே இருந்தன.

போட்டி ஜெர்மனியிலிருந்து வந்தது. நாகே ஆற்றங்கரையில் இடார்-ஓபர்ஸ்டைன் என்ற ஊர். அங்கும் மலையில் அகேட் இருந்தது; ஓடைநீரில் சுழலும் பெரிய மணற்கல் சக்கரங்கள் இருந்தன. தொழிலாளி ஒரு தாழ்ந்த மரச்சட்டத்தின்மேல் குப்புறப் படுத்து, தரையில் அறைந்த கட்டையில் காலை ஊன்றி, உடல் வலு முழுவதையும் கொடுத்துக் கல்லைச் சக்கரத்தில் அழுத்துவார். உள்ளூர்க் கல் தீரத் தீர மக்கள் பிழைப்புத் தேடிப் பிரேசில் போனார்கள். அங்கே 1827-இல் அகேட் படிவுகளைக் கண்டுகொண்டு, 1834 முதல் ஊருக்குக் கல்லை அனுப்பத் தொடங்கினார்கள். பிறகு கம்பாத் மணிகளின் வடிவங்களை அப்படியே நகல் செய்து ஆப்பிரிக்கச் சந்தைக்கு ஏற்றுமதி செய்தார்கள். சகாராவின் துவாரெக் மக்கள் அணியும் 'தல்ஹாகிம்ட்' என்ற முக்கோணத் தொங்கட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கம்பாத் அகேட், அடுத்து ஜெர்மன் அகேட், அப்புறம் பொஹீமியக் கண்ணாடி, கடைசியில் பிளாஸ்டிக். வடிவம் மாறவில்லை. விலை இறங்கிக்கொண்டே வந்தது, அணிபவர் தொகை கூடியது.

செதுக்குக் கலையிலும் இதே கதை. சார்டோனிக்ஸின் வெள்ளை அடுக்கில் உருவத்தைச் செதுக்கி, கீழேயுள்ள அடர்ந்த அடுக்கைப் பின்னணியாக விட்டுவைப்பது கேமியோ. கல்லுக்குள் வரி எங்கே வளைகிறது, எங்கே மெலிகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் உளி இறங்க வேண்டும். பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் ரோமானியப் 'பெரும் கேமியோ' 31 சென்டிமீட்டர் உயரம், 26.5 அகலம், ஐந்து அடுக்குக் கல்லில் இருபதுக்கும் மேற்பட்ட உருவங்கள். ஒரு கலைஞரின் வாழ்நாளில் பல ஆண்டுகளை அது விழுங்கியிருக்கும். கடந்த அரை நூற்றாண்டில் இடார்-ஓபர்ஸ்டைனில் அல்ட்ராசோனிக் இயந்திரம் வந்தது. கைதேர்ந்தவர் ஒருவர் செதுக்கிய மூலத்திலிருந்து எஃகு அச்சு எடுத்து, அரைபொடிக் குழம்புக்கு நடுவே விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகளில் கல்லின்மேல் இறக்குகிறார்கள். வரிசையாக ஒரே முகம் பல கற்களில் வந்துவிடுகிறது. மூலத்தைச் செதுக்க இன்னும் ஒரு கலைஞர் வேண்டும். ஆனால் ஒவ்வொரு கல்லின் வரியையும் கேட்டு உளியைத் திருப்பிய பழக்கம் போய்விட்டது. இதை இழப்பு என்றே சொல்வேன்.

நிறமும் அப்படியே. அகேட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. சர்க்கரைக் கரைசலிலோ தேனிலோ ஊறவைத்துக் கந்தக அமிலத்தில் போட்டால் உள்ளே புகுந்த சர்க்கரை கரியாகும், கல் கறுக்கும். கடைகளில் கறுப்பு ஓனிக்ஸ் என்று விற்பவற்றில் பெரும்பகுதி இவ்வாறு கறுத்ததுதான். பழங்காலத்தில் சாயம் பெரும்பாலும் கறுப்பு, சிவப்பு என்று கல்லின் இயல்பை ஒட்டி நின்றது. இன்று அடர்நீலம், இளஞ்சிவப்பு, கத்திரிப்பூ நிறங்களில் வரியோடிய அகேட் வில்லைகள் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்க விற்பனைக்கு வருகின்றன. அத்தகைய நிறங்கள் பெரும்பாலும் சாயமே. வாங்குகிறவருக்கு அதைச் சொல்லி விற்றால் அதில் தவறில்லை. பெரும்பாலும் சொல்வதில்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு, நான் தயங்கிக்கொண்டிருந்த இடத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சியில் கம்பாத் அகீக் மாலை ஒன்று வாங்கினேன். பழுப்பும் வெள்ளையுமான வரிகள், ஒவ்வொரு மணியிலும் ஒவ்வொரு விதம். அது யார் கையில் உருண்டது என்று தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான் 'சிலிக்கோசிஸ்' என்ற சொல் வந்து நின்றது.

தோல்பைக்குள் தண்ணீர் இருந்தது. பொடி நனைந்திருந்தது. மணியை உருவத்துக்குக் கொண்டுவர, குருந்தமும் அரக்கும் சேர்ந்த பலகையில் கையால் உரசிய காலத்தில் வேலை மெதுவாக நடந்தது, தூளும் மெதுவாகக் கிளம்பியது. மின்சாரம் வந்தபின் சாணைச் சக்கரம் சுழலும் வேகமே வேறு. உலர்ந்த கல்லை அதில் பிடித்தால் மாவுபோல் வெண்தூசி முகத்துக்கு நேரே எழும். அகேட் என்பது கிட்டத்தட்ட முழுக்கச் சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத அந்த நுண்துகள் நுரையீரலின் ஆழத்தில் போய்ப் படிந்து, சதையைத் தழும்பாக்கி இறுக்கிவிடும். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். காசநோய் எளிதில் தொற்றும். இதுதான் சிலிக்கோசிஸ். குணப்படுத்தும் மருந்து இல்லை. சாணை பிடிக்கும் வேலையை விட்டுவிட்டாலும் உள்ளே போன துகள் வெளியே வராது.

கம்பாத்திலும் அதை ஒட்டிய சகர்பூரிலும் இந்த வேலை பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது. திண்ணையில் சக்கரம் ஓடும். அடுத்த அறையில் குழந்தை தூங்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்சக்தியோடு பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்று வரையறுத்தது. கணவனும் மனைவியும் அண்ணனும் தம்பியும் வேலை செய்யும் வீட்டை அந்தச் சட்டம் எட்டவில்லை. அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்சார் நலவியல் நிறுவனம் இந்தத் தொழிலாளர்களை ஆராய்ந்து நோயைப் பதிவு செய்தது. சாணைச் சக்கரத்தோடு பொருத்தித் தூசியை உறிஞ்சும் கருவியையும் உருவாக்கிக் கொடுத்தது. வதோதராவின் மக்கள் பயிற்சி ஆய்வு மையம் நோயாளிகளை அடையாளம் கண்டு, இழப்பீட்டுக்கும் சிகிச்சைக்கும் குரல்கொடுத்து வருகிறது. இளைஞர்கள் பலர் வைரம் பட்டை தீட்டும் வேலைக்குப் போய்விட்டார்கள். கொம்புச் சுத்தியல் பிடிக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டிருப்பதை எழுதும்போது, அந்தப் பிள்ளைகள் தூசியிலிருந்து விலகினார்கள் என்பதையும் அதே வரியில் எழுதத்தான் வேண்டும்.

'காம்பே அகேட்' என்ற பெயருக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. மணி எந்த ஊரில் உருவானது என்பதற்கு அது சான்று. அதை எப்படிச் சாணை பிடித்தார்கள் என்பதற்கு அதில் சான்று இல்லை. நோயைத் தடுப்பதற்கு அரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. சக்கரத்தின்மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழ வேண்டும். தூசியை இழுக்கும் குழாய் வேலை செய்ய வேண்டும். சக்கரம் குழந்தை தூங்கும் வீட்டுக்கு வெளியே ஓட வேண்டும்.

கண்காட்சியில் நான் அதைக் கேட்கவில்லை. விலையை மட்டும் கேட்டேன். நீங்கள் அகீக் மாலை வாங்கும்போது விற்பவரிடம் கேளுங்கள்: இந்தக் கல்லை நனைத்துச் சாணை பிடித்தார்களா, அங்கே தூசி உறிஞ்சும் கருவி இருக்கிறதா என்று. தெரியாது என்றால், விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.